பேராதனைக்காரர் லண்டனில் கூடினால்: திகதி, சோறு, மேசை

பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு ஆட்கள் வருவது கதைக்கத்தான். நிகழ்ச்சி நிரலை நிரப்பிக்கொண்டே போகும் குழுக்கள் இதை மறந்துவிடுகின்றன. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகப் பழைய மாணவர் 100 பேரை லண்டனில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

மண்டபம் பிடிக்க முன்னம் திகதியைப் பிடியுங்கள். நவம்பர் கடைசி வாரம் மாவீரர் நாள், அந்தப் பக்கமே போகக்கூடாது. தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி விரதம். ஆட்டிறைச்சிக்கறி அண்டாவோடு மிஞ்சும். மே, ஜூனில் பிள்ளைகளுக்கு ஏ லெவல் சோதனை, வீட்டை விட்டு ஒருவரும் அசையமாட்டார்கள். மிஞ்சுவது மார்ச், இல்லாவிட்டால் செப்டெம்பர். செப்டெம்பர் என்றால் புரட்டாசிச் சனி விரதக்காரருக்காக மரக்கறியைக் கொஞ்சம் கூட்டுங்கள். வைத்தியர்கள் நிறைய வரும் கூட்டம் என்பதால், டியூட்டி மாற்ற அவர்களுக்கு 3 மாத அவகாசமாவது வேண்டும்.

மண்டபம் 6 மணி முதல் 11 மணி வரை என்றால், கதிரை போடுவதும் கூட்டித் துடைப்பதும் அதற்குள்தான். ஆக, கையில் இருப்பது மூன்றரை மணித்தியாலம்.

மதுவை அவரவர் கொண்டுவந்தால் உரிமம் தேவையில்லை. ரிக்கற் காசுக்குள் ஒரு கிளாஸ் வைன் அடக்கம் என்றாலே அது விற்பனை. மண்டபத்துக்கு உரிமம் இல்லையென்றால் உள்ளூர் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் கொடுக்க வேண்டும்: கட்டணம் 21 பவுண்ஸ், முழுதாக 10 வேலை நாள் முன்னதாக. கொடுக்கும் நாளும் நிகழ்வு நாளும் இந்தக் கணக்கில் சேராது. வங்கி விடுமுறையையும் வேலை நாளாக எண்ணித் தவறவிடுவது இங்கேதான். பிந்தினால் நிகழ்வுக்கு 5 வேலை நாள் முன்பு வரை கொடுக்கலாம், ஆனால் பொலிஸ் ஆட்சேபித்தால் அத்தோடு சரி, விசாரணைகூட இல்லை.

இனிச் சாப்பாடு. 100 பேரில் கால்வாசி பிள்ளைகள் என்றால் பாஸ்மதி 9 கிலோ, எலும்போடு ஆட்டிறைச்சி 15 கிலோ, பருப்பு இரண்டரைக் கிலோ போதும். ரோல்ஸ் பெரியவருக்கு 2, பிள்ளைக்கு 1, மேலே 20. ரோல்ஸை மேசையில் குவிக்காமல் தட்டில் கொண்டு திரியுங்கள். குவித்தால் முதலில் வந்த 30 பேரோடு முடிந்துவிடும்.

சூடான உணவு 63 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது இங்கே சட்டம். பரிமாறும்போது ஒரே ஒரு தடவை, 2 மணித்தியாலம் வரை, சலுகை உண்டு. 6 மணி என்று அழைத்தால் நம் ஆட்கள் 7 மணிக்கு வருவார்கள், பந்தி எட்டேகாலுக்குத்தான். கேட்டரிங்காரரிடம் 6 மணிக்கே கொண்டுவரச் சொன்னால் அந்த 2 மணித்தியாலம் பந்திக்கு முன்பே கரைந்துவிடும். ஏழரைக்கு வரச் சொல்லுங்கள். உணவைச் சூடாக வைத்திருக்கும் சூட்டுத்தட்டின் அடியில் கொதிநீர் ஊற்ற வேண்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் சின்னச் சுவாலை அதைச் சுடவைக்கவே நேரம் போய்விடும். சில மண்டபங்களில் சுவாலையே கூடாது, முதலே கேளுங்கள்.

தேத்தண்ணிக்கு 20 லீற்றர் கொதிகலன் ஒன்று 100 கோப்பைக்குக் காணும். 2.5 கிலோவாட் என்றால் கொதிக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அதையும் மின்சார சூட்டுத்தட்டையும் ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டினால் 13 அம்பியர் பியூஸ் போகும், அநேகமாகப் பேச்சு நடக்கும்போது. வயர் ஒன்றின் எல்லை ஏறத்தாழ 3 கிலோவாட்தான்.

மேசைகளை பட்ச் (படித்த ஆண்டு) வாரியாகப் போடவேண்டாம். வட்ஸ்அப்பில் தினமும் கதைக்கும் அதே எட்டுப் பேர் இங்கேயும் எட்டுப் பேராக இருப்பார்கள். விடுதி வாரியாகப் போடுங்கள்: அக்பர், மார்ஸ், அருணாசலம், இராமநாதன், ஹில்டா, சங்கமித்தா. ஒரே விடுதியில் இருபது வருட இடைவெளியில் இருந்த பொறியியலாளருக்கும் விவசாயபீடத்தாருக்கும் கதை தானாகக் கிளம்பும். துணையாக வந்தவருக்கு இதில் ஒன்றும் இல்லை, அவர்களுக்குப் பொது மேசை இரண்டு விடுங்கள். ஸ்பீக்கரை மூத்தவர்களின் மேசையிலிருந்து தள்ளி வையுங்கள். காதுக்கருவிக்காரருக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கும். பேச்சு எல்லாமாக 15 நிமிடம், பந்திக்கு முன்.

முடிவில் மிஞ்சிய சோற்றைக் கட்டிக் கொடுக்காதீர்கள். ஆறிக் கிடந்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்வது கஷ்டம், ஆகவே வெற்றுப் பெட்டிகளையே மண்டபத்துக்குக் கொண்டுபோகாமல் விடுங்கள்.