கடவுள் உண்டா என்பதும் அறிய இயலுமா என்பதும்

கடவுள் இல்லை என்பவரையும், கடவுள் உண்டா என்பதை அறிய இயலாது என்பவரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது சரியன்று என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆத்திகமும் நாத்திகமும் நம்பிக்கையைப் பற்றியவை. அறியொணாமைவாதமோ அறிவின் எல்லையைப் பற்றியது. இந்த வேறுபாட்டைக் காட்டவே ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1869இல் தமக்கென 'அறியொணாமைவாதி' (agnostic) என்ற புதிய சொல்லை உருவாக்கினார். சார்லஸ் டார்வினும் 1879இல் எழுதிய கடிதமொன்றில், கடவுளை மறுக்கும் நாத்திகராகத் தாம் ஒருபோதும் இருந்ததில்லை என்றும், அறியொணாமைவாதி என்பதே தம் மனநிலைக்குக் கூடுதலாகப் பொருந்தும் என்றும் குறிப்பிட்டார்.

நம் மரபில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. பழைய இந்தியத் தத்துவ வகைப்பாட்டில் நாத்திகம் என்பது பெரும்பாலும் வேதத்தை ஏற்காமையையே குறித்தது. அதனால்தான் சமணமும் பௌத்தமும், பொருளுலகை மட்டுமே ஏற்கும் உலகாயதமும் நாத்திகப் பக்கம் வைக்கப்பட்டன, ஆனால் படைப்புக் கடவுளை வேண்டாத மீமாம்சையும் சாங்கியமும் வேதத்தை ஏற்றதால் ஆத்திகத் தரிசனங்களாகவே, அதாவது ஆத்திகத் தத்துவப் பிரிவுகளாகவே, எண்ணப்பட்டன. இன்று நாத்திகர் என்றால் கடவுள் மறுப்பாளர் என்றே பொருள்கொள்கிறோம். இந்தப் பொருள் மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய நூல்களை மேற்கோள் காட்டி நடக்கும் விவாதங்கள் எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கின்றன. 'தெரியாது' என்று நேர்மையாகச் சொல்பவரை இரு தரப்பினரும் கோழை என்று ஏசுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை.