தேற்றரவாளன் யார் என்று பாய் கேட்டார்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய்க்கு என்னைச் சிறு வயதிலிருந்தே தெரியும். என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், சம்பள நாள்வரை அவருடைய தந்தையின் கடையிலிருந்துதான் எங்கள் வீட்டுக்குக் கடனுக்கு அரிசி வந்தது. சென்ற வாரம் பச்சைப்பயறு நிறுத்துக்கொண்டே, யோவான் சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு வாக்களிக்கும் தேற்றரவாளன் யார் தம்பி என்று கேட்டார். பரிசுத்த ஆவியானவர் என்றேன். எங்கள் முகம்மது நபி என்றார் அவர். அன்று கடையடைக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. தமக்குப் பின் அஹ்மத் என்னும் தூதர் வருவார் என்று மர்யமின் மகன் ஈஸா, அதாவது இயேசு, நற்செய்தி கூறியதாகக் குர்ஆனின் 61ஆம் அத்தியாயம் சொல்கிறது. அஹ்மத் என்பது முகம்மது நபியின் இன்னொரு பெயர், புகழுக்குரியவர் என்று பொருள். அந்த நற்செய்தியை இன்ஜீலில், அதாவது சுவிசேஷத்தில், தேடிய முஸ்லிம்கள் யோவானின் இந்தப் பகுதிக்கே வந்து சேர்ந்தார்கள். எட்டாம் நூற்றாண்டில் நபியின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் இதை அப்போதே எடுத்துக்காட்டியிருக்கிறார். தேற்றரவாளனுக்கான கிரேக்க மூலச்சொல் 'பராக்ளேத்தோஸ்' அன்று, அதே புகழுக்குரியவர் என்று பொருள்படும் 'பெரிக்ளுத்தோஸ்' என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் நபிகளுக்கு முந்திய, நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான், சீனாய்ப் பிரதிகள் உட்பட எந்தக் கிரேக்கப் பிரதியிலும் அப்படி இல்லை. எங்கள் வேதாகமத்தின் 'தேற்றரவாளன்' என்பதைவிடக் கத்தோலிக்கர்களின் 'துணையாளர்' என்பதே, பக்கத்தில் அழைக்கப்பட்டவர் என்ற கிரேக்கப் பொருளுக்கு நெருங்கியது என்பது, லுத்தரன் சபையைச் சேர்ந்த என் எண்ணம்.

பாய் அந்த எழுத்து வாதத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. வருகிறவர் தம்முடைய சுயமாய்ப் பேசாமல், கேட்டவற்றையே சொல்வார் என்ற 16ஆம் அதிகார வசனத்தை என்னை வாசிக்கச் சொன்னார். பிறகு கைப்பேசியில் குர்ஆனின் 53ஆம் அத்தியாயத்தைத் திறந்து, நபி தம் மனவிருப்பப்படி பேசுவதில்லை, அவர் பேசுவது அறிவிக்கப்பட்ட வஹீயே, அதாவது இறைவெளிப்பாடே, என்ற வசனங்களைக் காட்டினார். அந்த ஒற்றுமை என்னைச் சற்று நிறுத்தியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உலகம் காணாதவர், சீடர்களுக்குள்ளே வாசம்பண்ணுகிறவர் என்றும், பரிசுத்த ஆவியாகிய தேற்றரவாளன் என்றும் 14ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறதே என்றேன். அவை பின்னால் சேர்ந்த சொற்களாக இருக்கலாம் என்றார். பின்னால் மனிதர் கைவைத்து மாற்றிய புத்தகம் என்றால் அதையே சாட்சிக்கு அழைப்பது எப்படி என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கையில்தான் உறைத்தது: இதே கேள்வியை யூதர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். அவர்களுடைய வேதத்திலும் உள்ள ஏசாயாவின் 7ஆம் அதிகாரத்தில், கருவுற்று மகனைப் பெறுவாள் எனப்படும் பெண்ணுக்கான எபிரேயச் சொல் 'அல்மா'. இளம்பெண் என்று பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கன்னி என்று ஆக்கியது, மத்தேயு அதையே எடுத்து இயேசுவின் பிறப்பில் நிறைவேறியது என்றார். நிறைவேறியதாக நாம் நம்புவதிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பழைய வசனத்தைப் படிப்பது பாயின் வழக்கம் மட்டுமல்ல, என் சபையின் வழக்கமும்தான்.

மறுநாள் போய் இதைச் சொன்னேன். கன்னியின் பிறப்பில் அவர் முழுக்க என் பக்கம். அதைக் குர்ஆனின் சூரா மர்யமே சொல்லிவிட்டது, அதற்கு ஏசாயா எதற்குத் தம்பி என்று கேட்டபடி, முந்தின நாள் நான் மறந்துவிட்டுப் போயிருந்த பயற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.