திரையை என் பக்கம் திருப்பியவர்

2024 ஏப்ரல் கடைசி வாரம். பள்ளிச் சமையலறையில் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தோம். விசா புதுப்பிக்க மறுபடியும் அதே ஆளிடம்தான் போகப்போகிறேன் என்று சொன்னதும் கூட வேலை செய்யும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த ஆளிட்ட ரெஜிஸ்டர் நம்பர் கேட்டனீங்களோ?"

அக்கா யாழ்ப்பாணம். லண்டனில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறவர். நான் திருச்சியிலிருந்து 2012இல் படிக்க வந்தவள். அவர் எந்த நம்பரைச் சொல்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை.

"கேட்டுப் பாருங்கோ. பதிஞ்ச ஆள் எண்டால் உடனே தருவார்."

அன்று சாயங்காலமே போனில் கேட்டேன். கிழக்கு லண்டனில் ஒரு கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து விசா வேலை பார்க்கும் மனிதர் அவர். 2021இல் என் விண்ணப்பத்தை அவர்தான் போட்டுக் கொடுத்தார். அப்போது 700 பவுண்டு ரொக்கம், ரசீது இல்லை. இந்த முறை 900 கேட்டிருந்தார். நம்பர் என்று வாயெடுத்ததும் அவர் குரல் மாறியது. "என்னை நம்பித்தானே வந்தீர்கள்? நம்பிக்கை இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் நூலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் தேடினேன். பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை சொல்ல சாலிசிட்டர், பாரிஸ்டர் போன்ற வக்கீலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கான ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இலவசமாகச் செய்தாலும்கூட. அந்த அலுவலகத்தை அப்போது ஓ.ஐ.எஸ்.சி. என்றார்கள். 2025 ஜனவரியில் இமிக்ரேஷன் அட்வைஸ் அதாரிட்டி என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பதிவானவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று யார் எதுவரை செய்யலாம் என்பதும் அதில் இருக்கும். அவர் பெயரை மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடினேன். இல்லை. சாலிசிட்டர்களின் பட்டியலிலும் இல்லை.

என் கையில் இருந்த விசா மே 22ஆம் தேதி முடிகிறது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் பிரிட்டிஷ் குடிமகள். அவள் அப்பா எங்களோடு இல்லை. அவளுடைய தாய் என்ற முறையில் 2016 அக்டோபரில் எனக்கு முதல் விசா கிடைத்தது. பத்து வருட வழி என்பார்கள். முப்பது மாதம், முப்பது மாதமாக நான்கு முறை வாங்கி, பத்து வருடம் முடிந்தபின்தான் நிரந்தர வதிவிடம் கேட்க முடியும். இது நான்காவது முறை. நடுவில் ஒரு தேதியைத் தவறவிட்டால் ஏழரை வருடக் கணக்கும் சிக்கலாகிவிடும்.

அப்புறம் பணம். 2021இல் கட்டணமும், விசாவோடு சேர்த்துக் கட்ட வேண்டிய மருத்துவ வரியும் சேர்த்து 2,593 பவுண்டு. அதற்கே அம்மா போட்ட வளையல்கள் போய்விட்டன. 2024 பிப்ரவரியில் மருத்துவ வரியை வருடத்துக்கு 1,035 பவுண்டு ஆக்கிவிட்டார்கள். இரண்டரை வருடத்துக்கு அது மட்டும் 2,587.50. விண்ணப்பக் கட்டணம் 1,258. ஆக 3,845.50. வாரத்தில் இருபது மணி நேரம் பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள் எங்கே போவாள்? அரசாங்க உதவித்தொகையும் வாங்கக் கூடாது என்று என் விசா கார்டிலேயே அச்சடித்திருந்தது. கட்டண விலக்கு கேட்கலாமா என்று அந்த மாடி மனிதரிடம் முன்பே கேட்டிருந்தேன். "கேட்டால் உங்கள் பெயரில் கறுப்புக் குறி விழும்" என்றார். அது பொய் என்று பின்னால்தான் தெரிந்தது. கட்ட முடியாதவர்கள் கேட்பதற்கென்றே அந்த விண்ணப்பம் இருக்கிறது.

இலவசச் சட்ட உதவி தேடியதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. 2012இல் வந்த ஒரு சட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அகதி வழக்கு தவிரப் பெரும்பாலான குடிவரவு வழக்குகளை அரசாங்கச் சட்ட உதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். விதிவிலக்காக நிதி கேட்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதை எடுத்துச் செய்ய ஆள் கிடைக்க வேண்டும். மிச்சம் இருப்பவை லா சென்டர் என்கிற இலவசச் சட்ட உதவி மையங்களும் தொண்டு நிறுவனங்களும். 1970இல் நார்த் கென்சிங்டனில் முதல் லா சென்டர் தொடங்கியதிலிருந்து காசில்லாதவர்களுக்கு இந்த ஊரில் வக்கீல் என்றால் அவர்கள்தான். ஆட்கள் குறைவு, கேட்டு வருகிறவர்களோ ஆயிரம். நான் ஏழு இடங்களுக்குப் போன் செய்தேன். ஐந்து இடத்தில் புதிய கேஸ் எடுக்க முடியவில்லை என்றார்கள். ஒரு இடத்தில், நான் வேறு பரோவில், அதாவது லண்டனின் வேறு உள்ளாட்சிப் பகுதியில் குடியிருப்பதால் முடியாது என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஒரு பெண், மன்னிப்புக் கேட்கும் குரலிலேயே வேறு மூன்று இடங்களின் எண்களைக் கொடுத்தாள்.

ஏழாவது இடத்தில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் லைன் திறக்கும். ஏப்ரல் 29ஆம் தேதி பத்து மணியிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தேன். பத்து இருபத்தைந்துக்கு மணி போனது. இந்த வாரத்து இடங்கள் முடிந்துவிட்டன என்று ஒரு பதிவுக் குரல். அடுத்த திங்கள் மே 6, பொது விடுமுறை. அந்த வாரம் நான் தூங்கவில்லை. மே 13ஆம் தேதி மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில் என் போனும் அக்காவின் போனுமாக நின்றேன். அக்காவின் போனில்தான் லைன் கிடைத்தது. புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

அந்த சாலிசிட்டருக்கு என் வயதுதான் இருக்கும். பாஸ்போர்ட், கார்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "போன தடவை உங்கள் பெயரில் என்ன எழுதி அனுப்பினார்கள் என்று பார்த்தீர்களா?"

இல்லை என்றேன். கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டுவார்கள், போடுவேன். அவ்வளவுதான்.

அவர் ஒன்றும் சொல்லாமல் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். இனிமேல் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வரியையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்றார். லண்டனில் பன்னிரண்டு வருடத்தில் ஒருவர் எனக்காக அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

கட்டண விலக்குக்கு ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும். கணக்கில் வந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். டிசம்பரில் அக்கா போட்ட 40 பவுண்டு எதற்கு? மின்சார மீட்டருக்கு. மார்ச்சில் 25? மகளின் பழைய சைக்கிளை விற்றது. இந்த 60? மகளின் அப்பா அனுப்பியது. என் வாழ்க்கையை ஒருவர் முன் இப்படிப் பிரித்துக் காட்டியபோது உடம்பு கூசியது. அவர் நிமிர்ந்து பார்க்காமல், அவசரப்படுத்தாமல் எழுதினார். ஒரு வரியில் "மாதம் 60 பவுண்டு வருகிறது" என்று இருந்தது. மாதாமாதம் இல்லை, ஆறு மாதத்தில் மூன்று தடவைதான் என்றேன். அழித்துவிட்டு மூன்று தேதிகளையும் போட்டார். திரை என் பக்கம் இல்லாவிட்டால் அந்த வரி அப்படியே போயிருக்கும்.

மே 20ஆம் தேதி அனுப்பினோம். விலக்கு கேட்ட தேதியே விண்ணப்பத் தேதியாகக் கணக்காகும். ஆனால் பதில் வந்து பத்து வேலை நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் போட்டுவிட வேண்டும் என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

கூடவே இன்னொன்றும் செய்தார். விசா கொடுக்கும் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸிடம் என்னைப் பற்றி இருக்கும் கோப்பு முழுவதையும் கேட்டு எழுதினார். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் தன் கோப்பைக் கேட்கலாம், காசு கிடையாது. ஜூன் கடைசியில் வந்தது. அதில் 2021இல் என் பெயரில் போன ஒரு கடிதம் இருந்தது. "லண்டனில் இருக்கும் என் அத்தை மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரிக்கிறார்" என்று எழுதியிருந்தது. எனக்கு லண்டனில் அத்தை கிடையாது. கீழே இருந்த கையெழுத்தும் என்னுடையது இல்லை. காசில்லை என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கடிதம் என் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதிகாரி யாராவது எடுத்துப் பார்த்தால் பொய்க்காரி நான்தான். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கை நடுங்கியது. சாலிசிட்டர் என் வாக்குமூலத்தை எழுதி, நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின், தன் கடிதத்தோடு அதை ஹோம் ஆபீஸுக்கு அனுப்பிவைத்தார். அந்த மாடி மனிதர் மேல் ஓ.ஐ.எஸ்.சி. ஆணையருக்குப் புகாரும் கொடுத்தேன்.

இதற்கிடையில் பள்ளி அலுவலகத்தில் விசா தேதி முடிந்துவிட்டதே என்று கேட்டார்கள். நேரத்துக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு முடிவு வரும் வரை பழைய உரிமைகள் தொடரும். 3சி என்கிற சட்டப் பிரிவு அது. ஆனால் அதைக் காட்ட அப்போது நம் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இல்ஃபோர்டில் இருக்கும் ராம்ஃபெல் என்ற தொண்டு நிறுவனம் இதற்காகவே வழக்குப் போட்டது. 3சியில் இருப்பவர்களுக்கு டிஜிட்டல் சான்று கொடுக்காதது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் அதே 2024 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியை நான் இரண்டு தடவை படித்தேன். வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவர்களின் கதை அது, நூலிழையில் என் கதையும் ஆகியிருக்கும். சாலிசிட்டர் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். முதலாளிகள் ஹோம் ஆபீஸிடமே சரிபார்த்துக்கொள்ளும் சேவை ஒன்று இருக்கிறது என்றும், அங்கிருந்து வரும் சான்று ஆறு மாதம் செல்லும் என்றும் அதில் விளக்கியிருந்தார். வேலை தப்பியது.

ஆகஸ்டில் விலக்கு கிடைத்தது. நான்காவது வேலை நாளிலேயே விண்ணப்பம் போட்டோம். டிசம்பரில் விசா வந்தது, இந்த முறை கார்டு இல்லாமல், இணையத்தில் மட்டும் பார்க்கும் ஈ-விசாவாக.

2026 அக்டோபரில் பத்து வருடம். நிரந்தர வதிவிடத்துக்கு என் போன்ற பெரியவர்களுக்குக் கட்டண விலக்கு கிடையாது. 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 3,029 பவுண்டு ஆக்கினார்கள். அதற்கு முன் பிரிட்டன் வாழ்க்கையையும் வரலாற்றையும் பற்றிய லைஃப் இன் த யூகே தேர்வு, அதற்கு 50 பவுண்டு. இருபத்துநான்கு கேள்வியில் பதினெட்டு சரியாக இருக்க வேண்டும். ராத்திரி சாப்பிட்டபின் மகள் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்கிறாள். மாதம் 120 பவுண்டு தனிக் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. ஹோம் ஆபீஸ் அனுப்பிய கோப்பு மொத்தத்தையும் அச்செடுத்து, துளை போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் படித்துவிட்டேன்.