நீரோடியிலிருந்து தூத்தூர் வரை: திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு

2023 டிசம்பர் 3 அன்று விடியும் முன்பே நீரோடியில் இறங்கி, கேரளத்தின் பொழியூர் எனக்குப் பின்னால் விலக, கடலோரச் சாலையில் கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்கினேன். மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று ஓர் ஊரின் கோயில் மணி ஓய்வதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். இவை கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள். ஆனால் திருச்சபை நிர்வாகத்தில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

அந்த நாளில் வர வேண்டும் என்று முன்பே எண்ணியிருந்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இக்கரையை ஒட்டிக் கடந்தபோது, சுறாவும் சூரையும் தேடி நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் இவ்வூர்ப் படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அதன் நான்காம் நாளான டிசம்பர் 3, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருபவை; அன்றைக்குரிய வாசகங்களே 2023இல் அதே தேதியில் மீண்டும் வந்தன.

வள்ளவிளையில் திருப்பலியில் பங்கேற்றேன். ஊதாத் திருவுடை, 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் பாடப்படாத அமைதி, திருவருகைக் கால வளையத்தில் எரியும் ஒரே ஒரு திரி. எசாயாவின் வாசகம் தொடங்கியது. வானத்தைப் பிளந்து இறங்கி வாரும் என்று கேட்பதற்கு முன்பே, எங்களை உம் வழியிலிருந்து ஏன் விலகிப்போக விட்டீர் என்று இறைவாக்கினர் கடவுளிடமே முறையிடுகிறார். திருவழிபாட்டு ஆண்டின் தலைநாளில் திருச்சபை நம் வாயில் வைப்பது நன்றிப் பாடலை அல்ல, இந்த முறையீட்டைத்தான் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். பின்னர் மாற்கு நற்செய்தி: வீட்டுத் தலைவர் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ வரலாம், விழித்திருங்கள். ஒக்கியின்போது அந்த நான்கு சாமங்களையும் கடலைப் பார்த்தபடியே கழித்த பெண்கள் எனக்கு முன் வரிசைகளில் அமர்ந்திருந்தார்கள். மன்றாட்டுகளின்போது, வங்கக் கடலில் உருவாகியிருந்த மிக்ஜாம் புயலின் பாதையில் இருப்பவர்களுக்காக அவர்கள் வேண்டியதைக் கேட்டு என்னால் தலைநிமிர முடியவில்லை.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கடலரிப்புக்குப் போட்ட பாறைகளின் அருகே ஒரு மூதாட்டி நின்றிருந்தார். அவருடைய மகன் ஒக்கியில் போனவர், உடல் கிடைக்கவில்லை.

"எல்லாருக்கும் கல்லறை உண்டு மக்களே. எனக்க பிள்ளைக்கு இல்ல. நவம்பர் ரெண்டுக்கு நான் இஞ்ச வந்துதான் திரி கத்திச்சு வைக்கேன்."

நவம்பர் 2 இறந்தோர் அனைவரின் நினைவுநாள். திரி காற்றில் நிற்குமா என்று கேட்டேன். அணைந்தால் மறுபடி ஏற்றுவாராம்.

"ஆண்டவர்மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா அம்மா?"

"உண்டு. பின்ன வேற ஆருட்ட போய்க் கேக்க?"

எனக்கு மறுமொழி இல்லை. ஆண்டவர் கேட்பார் என்ற நம்பிக்கை இல்லாதவர் ஆறு ஆண்டுகளாக அவரிடம் இப்படி வழக்காட மாட்டார். புலம்பல் விசுவாசக் குறைவு என்று எண்ணியிருந்த எனக்கு, விசுவாசத்தின் உள்ளே அதற்கு எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்பதை அந்தத் தாய் காட்டினார்.

வெயில் ஏறியபின் தூத்தூர் சேர்ந்தேன். அன்றைய திருப்பலியில் முதல் வாசகத்துக்குப் பின் வந்த பதிலுரைப் பாடல் 80ஆம் திருப்பாடலின் சில அடிகள் மட்டுமே. "எதுவரை?" என்ற கேள்வியும், கண்ணீரை உணவாகத் தந்தீர் என்ற முறையீடும் அதில் இடம்பெறவில்லை. கடல் தெரியும் இடத்தில் அமர்ந்து, விடுபட்ட அந்த அடிகளையும் சேர்த்து, திருப்பாடல் முழுவதையும் வாய்விட்டு வாசித்தேன்.