பத்தாம் எண்

"மழை எப்படிப் பெய்யுது, சொல்லு கண்ணு?"

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, தமிழ்வழி ஐந்தாம் வகுப்பு. கேட்ட டீச்சர் ஒரு நொடிகூடப் பொறுக்கவில்லை. பதிலையும் அவரே சொல்லிவிட்டார். மூன்றாம் பெஞ்சில் பாதி தூக்கிய கை அப்படியே இறங்கியது.

வகுப்பில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதை 1 முதல் 10 வரை எண்களாகக் குறிப்பது ஃபிளாண்டர்ஸ் தாள். பின்வரிசை ஆய்வு மாணவி அதில் குறித்தது: 4, 5, 5.

4 கேள்வி. 5 விளக்கம். 8 பிள்ளையின் பதில். 3 நொடிக்கு ஓர் எண், 20 நிமிடத்தில் 400. நான் முதலில் தேடுவது 4க்கு அடுத்து 8 எத்தனை முறை வருகிறது என்பதைத்தான்.

சிக்கல் 10இல். மௌனமும் அதுதான், கூச்சல் குழப்பமும் அதுதான். யோசிக்கிற பிள்ளையும் சந்தை இரைச்சலும் ஒரே கட்டத்தில்!

கேள்விக்குப் பின் 3 நொடி காத்தால் பதில் நீளும், பேசாத பிள்ளையும் பேசும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். தமிழும் மலையாளமும் கலந்து யோசிக்கும் நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம்.

ஆய்வு செய்கிறவர்களே, கேள்விக்குப் பின் வரும் மௌனத்தை 10அ என்று தனியாகக் குறியுங்கள். தலைமையாசிரியரிடம் தாளை நீட்டும்போது அதைத் தொட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால், "வகுப்பு மந்தம்" என்று குறிப்பேட்டில் ஏறிவிடும்.