கையுறையில் விழுந்த ஓட்டை

“நீங்க கை வெச்சதுக்கு அப்புறம்தான் அண்ணா இவன் ஆட்டம் கெட்டுப்போச்சு.”

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே நான் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு தகப்பன் இப்படிச் சொன்னார். பையனுக்குப் பதினைந்து வயது. என்னிடம் வரும் பிள்ளைகளில் அவன் அளவுக்குப் பந்து அடிக்கிறவன் யாருமில்லை. போன வருடம் பதினெட்டுக் குழிகளையும் 72, 73 அடிகளில் முடித்துக்கொண்டிருந்தவன் (கோல்ஃபில் அடி குறைந்தால்தான் நல்லது) அப்போது நான்கு மாதமாக 82க்குக் கீழே வரவே இல்லை. அடிக்கும் பந்தெல்லாம் இடப்பக்கம் வளைந்து புதருக்குள் போயிற்று. பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பதில் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபின் பதில்கள் வரிசையாக வந்தன. கோல்ஃப் சாம்பியன் டைகர் உட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். புட்ச் ஹார்மன் என்ற கோச்சிடம் இருந்தபோது எட்டு மேஜர் பட்டங்கள் (வருடத்தின் நான்கு பெரிய போட்டிகள்தான் மேஜர்). அவரை விட்டு விலகி, 2004ல் ஹாங்க் ஹேனியிடம் போனார். அந்த வருடம் மேஜர் ஒன்றும் கிடைக்கவில்லை. நன்றாக இருந்த ஸ்விங்கை, அதாவது மட்டை வீசும் முறையை, கெடுத்துவிட்டார் என்று ஹேனியை ஏசாதவர்கள் குறைவு. 2005 முதல் 2008 வரை அதே ஹேனியிடம் ஆறு மேஜர் வென்றார். அடுத்த கோச் ஷான் ஃபோலி. 2013ல் உட்ஸ் ஐந்து போட்டிகளை வென்று அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2014ல் முதுகில் அறுவைச் சிகிச்சை, ஆகஸ்டில் ஃபோலிக்கு விடைகொடுத்தாயிற்று. ஸ்விங்தான் முதுகை முறித்தது என்று பேசினார்கள். ஆனால் அதே ஃபோலியிடம் பயின்ற ஜஸ்டின் ரோஸ் 2013ல் யு.எஸ். ஓப்பன் என்ற மேஜரை வென்றிருந்தார். உட்ஸின் முழங்காலோ 2002லேயே கத்தியைப் பார்த்தது. அத்தனை வருடம் தேய்ந்த உடம்பின் கணக்கைக் கடைசியாகப் பக்கத்தில் நின்றவர் தலையில் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை. ஆட்டக்காரரை மாற்ற முடியாது, வயதை மாற்ற முடியாது, கோச்சை மட்டும் ஒரு ஃபோனில் மாற்றிவிடலாம்.

இதையெல்லாம் அந்தத் தகப்பனிடம் அடுக்கியிருக்கலாம். ஆனால் அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் பாப்வா சீகோலம், எங்கள் ஊர் இந்திய வம்சாவளி கோல்ஃப் ஆட்டக்காரர்.

என் அப்பா கோல்ஃப் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவராக இருந்தவர். எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்து அதிகமாகப் பேசப்பட்டது பாப்வாதான். அவரும் கேடியாகத் தொடங்கியவர், யாரிடமும் பாடம் கேட்காதவர். வலக்கை ஆட்டக்காரர் மட்டையில் இடக்கையை மேலே வைத்து வலக்கையைக் கீழே பிடிப்பார். பாப்வா அதை அப்படியே தலைகீழாகப் பிடித்தார். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். 1963ல் எங்கள் மாகாணப் போட்டியான நேட்டால் ஓப்பனை வென்றபோது நிறத்தின் பேரில் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பெரிய வெள்ளைக்கார சாம்பியன் கேரி பிளேயரும் ஆடிய 1965 நேட்டால் ஓப்பனும் அவருக்கே. பிறகு அரசாங்கம் அவரைப் போட்டிகளில் ஆடவிடாமல் தடுத்தது, பாஸ்போர்ட்டையும் பறித்தது. 1978ல் காலமானார். அவர் ஆட்டம் இறங்கியதற்குப் பிடியும் காரணமில்லை, கோச்சும் காரணமில்லை. இந்த நாட்டின் அன்றைய நிறவெறிச் சட்டம் காரணம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் உடைந்துவிடும்.

அன்று இரவு என்னைத் தைத்தது வேறொன்று. பத்து வயது பாப்வா என்னிடம் வந்திருந்தால் முதல் நாளே அந்தக் கைகளைப் பிரித்து மாற்றி வைத்திருப்பேன். எதற்காக அப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டிருக்கமாட்டேன். அப்படியானால் இந்தப் பையனிடம் என்ன கேட்டேன்?

அடுத்த சனிக்கிழமை அவனை மட்டை தொடவிடவில்லை. “க்ளவுஸைக் கழட்டிக் காட்டு தம்பி” என்றேன். இடக்கை க்ளவுஸின் உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கமாக, மணிக்கட்டுக்குச் சற்று மேலே தோல் தேய்ந்து ஐம்பது சென்ட் காசு அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. விரல் பகுதி புதிதுபோல் இருந்தது. மட்டை விரல்களில் உட்காராமல் உள்ளங்கையில் கிடந்து, ஒவ்வொரு அடியிலும் அங்கே உராய்ந்து திரும்பியிருக்கிறது.

“இது எப்போ கிழிஞ்சது?”

“இது மூணாவது க்ளவுஸ், அங்கிள். எல்லாம் அங்கேதான் கிழியுது.”

மட்டையை வாங்கிப் பார்த்தேன். கைப்பிடியை மூடும் ரப்பர் கிரிப் வழுவழுவென்று இறுகிப்போயிருந்தது. சிறுவன் கைக்கு வாங்கிய ஒல்லியான கிரிப். ஒரு வருடத்தில் அவன் என் காதளவு வளர்ந்துவிட்டான், உள்ளங்கையும் வளர்ந்துவிட்டது. பிடி நழுவுவதால் மேலே போனதும் இறுக்கிப் பிடிக்கிறான். இறங்கும்போது மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், இடப்பக்கம் திரும்பி மூடிக்கொள்கிறது. பந்து இடப்பக்கம் போகிறது. இதைச் சரிசெய்ய நான் நான்கு மாதமாக அவன் இடுப்பையும் தோளையும் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்றைச் சொன்னேன். பந்தடிக்கும்முன் அவன் உதடுகள் அசையும். நான் சொன்னதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

பழைய கிரிப்பை அறுத்து எடுத்து, கம்பியில் டேப்பை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, பருமனான புதிய கிரிப்பை ஏற்றினேன். ஒரே மட்டைக்குத்தான். இருபது பந்து அடித்தான், பதினான்கு நேராகப் போயின. ஆனால் நான் பழக்கிவிட்ட இடுப்பு அசைவு அவன் உடம்பில் தங்கிவிட்டது. அது கிரிப்பை மாற்றியதும் போகிற விஷயமில்லை.

ஆகவே அந்தத் தகப்பன் சொன்னதில் பாதி உண்மை. ஆட்டம் விழுந்தது பையன் வளர்ந்ததால். அதை எழுந்திருக்கவிடாமல் நான்கு மாதம் அமுக்கி வைத்தவன் நான். அவன் 72 அடித்த நாளில் கோப்பையோடு எடுத்த படத்தில் தோளில் கைபோட்டு நானும் நிற்கிறேன். அந்த இடத்தில் நின்றவன் 82க்கு மட்டும் ஒதுங்கி நிற்க முடியாது. தகப்பனிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “வேற கோச்கிட்ட பேசிட்டேன் அண்ணா” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கோச்சின் நம்பரைக் கேட்டு வாங்கி, அன்று மாலையே பேசினேன். கிரிப், டேப், க்ளவுஸில் விழுந்த ஓட்டை, இடுப்பில் நான் மாற்றியது எது, அதற்குமுன் அவன் எப்படித் திரும்புவான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பழைய வீடியோக்களையும் அனுப்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எத்தனை மாசமா அந்த க்ளவுஸைப் பார்க்கல?” என்றார்.

“நாலு மாசம்” என்றேன்.