லாகோஸில் படித்த நம் வகைப் பழைய மாணவி

நம் யாழ்ப்பாணப் பாடசாலைப் பழைய மாணவிகள் சங்கத்தின் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது விடுதி நினைவுகளை. விடுதிச் சொதியைப் பற்றி இந்த மலரில் எழுதப்படாதது இனி எதுவும் மிச்சமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் நம்மோடு படிக்காத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

நாவலாசிரியை புச்சி எமெச்சேட்டா 1944இல் நைஜீரியாவின் லாகோஸில் ஓர் இக்போ இனக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ரயில்வேத் தொழிலாளி. வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது தம்பிதான். இவர் அடம்பிடித்துத்தான் போனார். தந்தை இறந்த பின்னர் உதவித்தொகை பெற்று லாகோஸ் மெதடிஸ்த பெண்கள் உயர் பாடசாலையில் சேர்ந்தார். மிஷன் பாடசாலை என்றால் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1986இல் வந்த அவருடைய தன்வரலாறு 'ஹெட் அபவ் வாட்டர்'. புலம்பெயர்ந்து வந்த புதிதில், மழைக்கு ஒதுங்கிய நூலகத்தில் எடுத்தேன். அதில் ஒரு வகுப்பறைக் காட்சி. ஆங்கிலப் பாட வேளையில் ஆசிரியை, என்னவாக வர விரும்புகிறாய் என்று கேட்கிறார். எழுத்தாளராக வேண்டும் என்கிறாள் சிறுமி. இது ஆணவம், போய்த் தேவாலயத்தில் மன்னிப்புக் கேட்டு ஜெபம் செய் என்று வெளியே அனுப்பிவிடுகிறார் ஆசிரியை. சிறுமி வெளியே போகிறாள், ஜெபம் செய்யவில்லை. எழுத ஆசைப்படுவதில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது என்பது அவளுடைய நியாயம். ஊரில் நிலவொளியில் 'பெரிய அம்மா'வின் காலடியில் அமர்ந்து கதை கேட்டவள் அவள். அங்கே கதை சொல்வது பெண்களின் வேலை, மதிப்புள்ள வேலை.

எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாடசாலை அரசாங்கத்தின் கைக்குப் போய் வெகுநாளாகியிருந்தது. மிஷன் காலத்து ஒழுங்கு மட்டும் போகவில்லை. தமிழ்ப் பாடத்தில் 'எனது எதிர்கால இலட்சியம்' என்று ஒரு கட்டுரை வரும். வகுப்பு முழுவதும் வைத்தியர், துணிந்தவர்கள் பொறியியலாளர். ஒருத்தி மட்டும் நாவலாசிரியை என்று எழுதினாள். கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'அழகு. ஆனால் தொழில்?' என்று ஒரு வரி. கண்டிப்பு ஒன்றுமில்லை, நியாயமான கேள்விதான். ஆனாலும் ஜெபம் செய்யப் போ என்று அனுப்பியிருந்தால் அவள் கோபித்துக்கொண்டாவது எழுதியிருப்பாள் என்று எனக்கு இப்போது படுகிறது. அவள் இன்று கனடாவில் கணக்காளர். அருமையான கடிதங்கள் எழுதுவாள்.

எமெச்சேட்டாவுக்குப் பதினாறு வயதில் திருமணம். 1962இல் இரண்டு குழந்தைகளோடு கணவரைத் தேடி லண்டன் வந்தார். நூலகத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியபடியே முதல் நாவலை எழுதினார். கணவர் அதை எரித்துவிட்டார். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கரிச்சுவரைப் பார்த்துக்கொண்டு பாடசாலைக்குப் போன எங்கள் வகுப்புக்கு இந்த இடத்தைச் சும்மா கடந்து போக முடியாது. இருபத்திரண்டு வயதில், ஐந்தாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, நான்கு பிள்ளைகளோடு கணவரை விட்டுப் பிரிந்தார். எரிந்த நாவலைத் திரும்ப எழுதினார். 'தி பிரைட் பிரைஸ்' 1976இல் வெளிவந்தது. இடையில் பிரிட்டிஷ் மியூசியத்தில் நூலக வேலை, லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம், 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் தொடர், அதிலிருந்து 1972இல் முதல் புத்தகம்.

இவ்வளவையும் சொன்னால், பிள்ளைகள் இருந்தும் சாதித்தார் என்று உடனே பாராட்டுவோம். நம் மகளிர் தினக் கூட்டங்களில் இந்த 'இருந்தும்' இல்லாத பேச்சே கிடையாது. ஆனால் 1974இல் வந்த 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' நாவலை அவர் ஐந்து பிள்ளைகளுக்கும் சமர்ப்பித்தபோது, அவர்களுடைய இனிய சத்தம் பின்னணியில் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே எழுதப்பட்டிருக்காது என்றார். எனக்கு இதில் முதலில் நம்பிக்கை வரவில்லை. என் வீட்டுச் சத்தத்தில் சாமான் பட்டியல்கூட எழுத முடிந்ததில்லை.

தன்வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் அந்த இனிமைக்குப் பின்னால் இருப்பது தெரியவருகிறது. மூத்த மகள் ஒரு நாள் தாயோடு முரண்பட்டுத் தகப்பனிடம் போய்விடுகிறாள். இத்தனை வருடம் யாருக்காக உழைத்தேன் என்ற ஆத்திரத்தில் அம்மா தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து சில வாரங்களில் ஒரு நாவலை முடித்துவிடுகிறார். அதுதான் 1979இல் வந்த 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்', அதாவது தாய்மையின் இன்பங்கள். தலைப்பிலேயே கசப்பு. நூ ஏகோ என்ற தாய், பிள்ளைகளைப் பெற்று, வெளிநாட்டுக்கும் படிக்க அனுப்பிவிட்டு, கடைசியில் தெருவோரத்தில் தனியாகச் செத்துப்போகிறாள். பிள்ளைகள் வந்து ஊர் மெச்சச் செத்தவீடு நடத்துகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறோம். வீடியோ எடுப்பது ஒன்றுதான் கதையில் இல்லை.

தன்வரலாறு எல்லா இடத்திலும் சிறப்பு என்று சொல்லமாட்டேன். முன்பின்னாகத் தாவுகிறது, பதிப்பாளர்களோடு நடந்த பிணக்குகள் சில பக்கங்களில் அலுப்பூட்டுகின்றன. ஆனால் வாடகை எவ்வளவு, முன்பணம் எப்போது வந்தது என்று ஒரு நாவலாசிரியை வெட்கப்படாமல் எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழில் எழுதும் பெண்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறோம். அந்தச் சிவப்பு மைக் கேள்விக்கு நேரான பதில் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எமெச்சேட்டா 2017 ஜனவரியில் லண்டனில் காலமானார். தன்வரலாற்றை நான் படித்தது ஆங்கிலத்தில். கடினமான ஆங்கிலம் இல்லை. சங்கத்தின் வாசிப்பு வட்டத்துக்கு என் பிரதியைத் தருகிறேன். கனடாக் கணக்காளருக்கு முதல் முறை.